பிக்கப்பின் அடியில் கேட்ட ‘டொக்’

முதலில் அதை ஒரு சத்தம் என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி நிற்கும் நேரத்தில் இருக்கைக்கு அடியில் யாரோ விரல் முட்டியால் ஒரு தடவை தட்டியதுபோல இருந்தது. பின்னால் ஏற்றியிருந்த சாமான் எதாவது சரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சில வாரங்களில் அது ‘டொக்’ என்று தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. கிளட்சை விட்டு வண்டி நகரும்போது ஒன்று. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் ஒன்று. ரிவர்ஸ் போட்டால் அதைவிடப் பலமாக ஒன்று. பாரம் ஏற்றிய நாட்களில் பாதத்திலேயே அந்த அடி தெரிந்தது.

ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், “டிஃபரன்ஷியல் போயிடுச்சுங்க, கிரவுனும் பினியனும் மாத்தணும்” என்றார். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்ஸிலின் நடுவே இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டு. அதற்குள் ஒன்றையொன்று கவ்வும் பெரிய பல்சக்கரம் கிரவுன், சிறியது பினியன். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிரவுன் பினியன் தேய்ந்த வண்டிகளில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். அதில் ஓட்டத்திலேயே ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் வரும், வேகத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். என் வண்டி ஓட்டத்தில் அமைதியாக இருந்தது. ஆரம்பிக்கும்போதும் நிற்கும்போதும்தான் தட்டியது. எனவே பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் நானே அடியில் படுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மூன்று வார இறுதிகள் போயின. தேடியது ஒரு பழுதை, கிடைத்ததோ மூன்று.

இந்த வகைச் சத்தத்தின் அடிப்படை எளிமையானது. எஞ்சினின் முறுக்குவிசை கிளட்ச், கியர்பாக்ஸ், புரப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று கைமாறிக் கைமாறிச் சக்கரத்துக்குப் போகிறது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் இறுகிச் சூடாகி அழிந்துவிடும். மெக்கானிக்குகள் ‘ஆட்டம்’ என்றும் ‘பிளே’ என்றும் சொல்வது இதைத்தான். எஞ்சின் வண்டியை இழுக்கும்போது பல்லின் ஒரு பக்கம் அழுந்தியிருக்கும். காலை எடுத்ததும் வண்டி எஞ்சினைத் தள்ளத் தொடங்கும், அப்போது மறுபக்கம் அழுந்தும். பக்கம் மாறும் அந்தக் கணத்தில் ஒரு இரும்பு இடைவெளியைக் கடந்து வந்து இன்னொரு இரும்பில் மோதுகிறது. இடைவெளி சிறிதாக இருந்தால் மோதல் காதுக்கு எட்டாது. பெரிதானால் கடக்கும்போதே வேகம் எடுத்துவிடும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, ஆட்டங்கள் கூடிக்கொண்டே போகும். ஐந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் ஓட்டுபவருக்கு ஒரே பெரிய ‘டொக்’காகத்தான் கேட்கும். இரண்டு, புரப்பெல்லர் ஷாஃப்ட் உள்ளே கூடான நீண்ட குழாய். அதன் ஒரு முனையில் தட்டினால் முழுதும் அதிரும். கியர்பாக்ஸ் பக்கம் எழுந்த சத்தம் பின் ஆக்ஸிலிலிருந்து வருவதாக ஓட்டுபவர் சத்தியம் செய்வார். ஆகவே சத்தம் எங்கே கேட்கிறது என்பதை நான் ஓரமாக வைத்துவிட்டேன். எப்போது கேட்கிறது என்பதைத்தான் ஒரு தாளில் எழுதினேன்.

அந்தத் தாள் பிறகு மிகவும் உதவியது. மேடு பள்ளத்தில் மட்டும் கேட்டால் சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும். முன்னே, பின்னே என்று ஓடும் திசையை மாற்றிய பின் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு ‘டிக்’ வந்தால், பிரேக் பேட் அதன் இருக்கையில் நகர்ந்து தட்டுகிறது. விட்டுவிட்டு ஒரே சீராக ‘டக், டக்’ என்று வந்தால் சுழலும் ஏதோ ஒன்று. அதை மெதுவாக ஓட்டி எண்ணலாம். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்தால், 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால் புரப்பெல்லர் ஷாஃப்ட் அதே நொடியில் சுமார் 5 சுற்று சுற்றும். தட்டல் நொடிக்கு ஒன்றா ஐந்தா என்பதைக் காது எளிதில் பிரித்துவிடும். என் வண்டியில் சீரான தட்டல் எதுவும் இல்லை. விசை திசைமாறும்போது ஒரு தட்டல், அப்புறம் வண்டி முழுதாக நின்று அரை நொடி கழித்து ஒன்று. இந்த இரண்டாவதைத் தாளில் எழுதினேனே தவிர, அதற்குத் தனிக் காரணம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடியில் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிக்கப்புக்குத் தரையிலிருந்து உயரம் இருப்பதால் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வண்டியைத் தூக்காமலே செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக் கூடாது.

முதல் சோதனையைக் கையால்தான் செய்தேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, புரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கோணத்தில் வளைந்து சுழலவிடும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டையும் எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும், பிறகு மேலும் கீழும் அசைக்க வேண்டும். நல்ல கிராஸில் கைக்கு எதுவுமே தெரியக் கூடாது. ‘கொஞ்சம்தான் ஆடுது’ என்று அங்கே சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை. பின் கிராஸ் முறுக்கும்போதே ‘கிளிக்’ என்றது. டார்ச் அடித்துப் பார்த்தபோது சிலுவையின் முனைகளை மூடும் கப்களில் இரண்டின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரிச் சிவந்த துரு படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங்குகள் தேய்ந்து, அந்தத் துருவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம்.

தம்பியும் கூட இருந்தான். அவன் ஷாஃப்ட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டு, “அண்ணே, டிஃபரன்ஷியல் பக்கமும் ஆடுதே, அப்போ பட்டறைக்காரர் சொன்னது சரிதானா?” என்றான். நியாயமான கேள்வி. சக்கரங்கள் பூட்டியிருக்கும்போது பினியன் பிளேஞ்ச், அதாவது ஷாஃப்ட்டை டிஃபரன்ஷியலோடு இணைக்கும் தட்டு, கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே பொதுவாக 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டுத்தான் பொருத்துகிறார்கள். கிரவுன் வீலின் ஆரம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, 0.2 மில்லிமீட்டர் இடைவெளியை 4.1 விகிதத்தால் பெருக்கிப் பார்த்தேன். பினியன் பிளேஞ்சில் அது அரை டிகிரிகூட வரவில்லை. அதற்கு மேல் கையில் தெரியும் ஆட்டமெல்லாம் டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சிறு கியர்கள், அவற்றின் வாஷர்கள், ஆக்ஸில் முனையின் ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) ஆகியவற்றிலிருந்து வருவது. சக்கரத்தின் பக்கம் துளியாக இருப்பது பினியன் பக்கம் நான்கு மடங்காகத் தெரியும். பிளேஞ்சில் ஓரிரு டிகிரி திரும்புவதைக் கண்டு டிஃபரன்ஷியலைத் திறக்கச் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ நல்ல வண்டிகளைத் திறக்க வேண்டியிருக்கும்.

அங்கே உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. பினியன் பிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அந்தத் திசைகளில் துளி அசைவு இருந்தாலும் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது. சில டிஃபரன்ஷியல்களில் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். அங்கே நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் பேரிங் அழுத்தம் கூடி, பேரிங் எரிந்துபோகும். அது அளந்து செய்ய வேண்டிய வேலை. என் வண்டியில் அந்த அசைவு இல்லை. எண்ணெயை வடித்தேன். வடிப்பு போல்ட்டின் காந்தத்தில் பசை மாதிரி நுண்பொடி ஒட்டியிருந்தது, அது இயல்பு. சில்லோ பல்துண்டோ இல்லை. டிஃபரன்ஷியல் மீது எனக்கிருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

சரி, கிராஸ் மாற்றும் வேலை. கழற்றும் முன் ஷாஃப்ட்டுக்கும் பிளேஞ்சுக்கும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் கோடு போட்டேன், நடுவில் ஸ்பிளைன் சேரும் இடத்திலும் ஒரு கோடு. ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் கழற்றியவர்கள் பிறகு ஏன் வண்டி அதிர்கிறது என்று தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கிராஸின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு கோணத்தில் வளைந்து சுழலும் கிராஸ் வேகத்தை அப்படியே கடத்தாது. 10 டிகிரி வளைவில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ஒன்றரை சதவீதம் வேகமாகவும் இரண்டு தடவை ஒன்றரை சதவீதம் மெதுவாகவும் அடுத்த பக்கத்தைச் சுழற்றும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் இரண்டாவது கிராஸ் அந்தக் குறையை எதிர்ப்பக்கமாகச் செய்து ஈடுகட்டுகிறது. இரண்டு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் இது நடக்கும். ஸ்பிளைனை ஒரு பல் தள்ளிச் செருகினாலே ஈடு குலைந்துபோகும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இந்த இணைப்பை ஆராய்ந்து எழுதியதால் ‘ஹூக் ஜாயின்ட்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. அவருக்கும் முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியர் ஜெரோலமோ கார்டானோவின் பெயர்தான் ‘கார்டன் ஷாஃப்ட்’ என்று இன்றும் பட்டறைகளில் புழங்குகிறது. மோட்டார் வண்டிகளே இல்லாத காலத்துச் சிந்தனை, இன்று என் வண்டியின் அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு வண்டியைக் கியரில் விட்டாலும், ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில் போட்டாலும், பின்சக்கரங்களைத் தடுக்க எதுவும் இல்லை. நடுவில் இருந்த இணைப்பே போய்விட்டது அல்லவா. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் கியர்பாக்ஸின் பின்முனையில்தான் இருக்கும், அதுவும் அப்போது பயன்படாது. அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது சக்கரக் கட்டைகள் மட்டுமே.

பழைய கிராஸைத் திறந்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போனது. ஒரு கப்பில் ஊசிகளே இல்லை, பழுப்புப் பொடிதான் இருந்தது. சிலுவையின் காம்பில் நகத்தால் தடவினால் தட்டும்படி வரிவரியாகப் பள்ளங்கள். கிராஸ் முழுதாகச் சுற்றுவதில்லை, சில டிகிரி மட்டுமே இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அதனால் ஒவ்வொரு ஊசியும் ஒரே இடத்தைத்தான் திரும்பத் திரும்ப உழுகிறது. கிரீஸ் தீர்ந்தால் அந்த உழவு பள்ளமாகிவிடும்.

புதியதைப் பொருத்த வைஸும் இரண்டு சாக்கெட்டுகளும் போதும். சிறிய சாக்கெட் கப்பைத் தள்ளும், பெரிய சாக்கெட் மறுபக்கம் வெளிவரும் கப்பை உள்வாங்கிக்கொள்ளும். கை பழகாதவர்களை இந்த வேலை ஏமாற்றுவது ஒரே இடத்தில்தான். கப்பை உள்ளே தள்ளும்போது ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்துவிடும். அப்போது கப் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும், கப் வெளியே வராமல் தடுக்கும் லாக்கைப் போட இடம் வராது. அங்கே பலத்தைக் காட்டினால் ஊசி உடையும், புதிய கிராஸ் அன்றைக்கே பாழாகும். என் முதல் கப் அப்படித்தான் நின்றது. வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸால் ஒட்டி வரிசையாக நிறுத்தி மறுபடி தள்ளினேன், சுலபமாகப் போய் உட்கார்ந்தது. நான்கு லாக்குகளும் போட்ட பிறகு கிராஸ் விறைப்பாக இருந்தது. யோக்கின் காதுகளில் பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் கப்கள் லாக்கோடு போய்ச் சாய்ந்து, கைக்கு இதமாக ஆட ஆரம்பித்தது. கிரீஸ் செலுத்தும் சிறு முனையான நிப்பிள், பிறகு கிரீஸ் கன்னுக்கு எட்டும் பக்கம் பார்த்திருக்கிறதா என்பதையும் பொருத்தும்போதே கவனிக்க வேண்டும். நான்கு கப்களின் சீலிலிருந்தும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். ரிவர்ஸ் போடும்போது வந்த பெரிய அடி காணாமல் போயிருந்தது. அந்த மகிழ்ச்சியோடு முதல் திருப்பத்தில் நிறுத்தினேன். வண்டி நின்றது, அரை நொடி போனது, ‘டொக்’.

அப்போதுதான் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். வண்டி முழுதாக நின்ற பிறகு வரும் சத்தத்தைப் பல் இடைவெளியை வைத்து விளக்கவே முடியாது. விசையும் இல்லை, சுழற்சியும் இல்லை. நின்ற பிறகும் எது நகர்ந்துகொண்டிருக்கிறது என்று யோசித்தேன். சஸ்பென்ஷன் நகர்கிறது. பிரேக் பிடிக்கும்போது பின் ஆக்ஸில் ஸ்பிரிங் பட்டைகளை முறுக்குகிறது, வண்டியின் மூக்கு தாழ்கிறது. நின்றதும் எல்லாம் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஆக்ஸில் இப்படி மேலும் கீழும் போகும்போது கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் மாறும். அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாஃப்ட்டில் ஸ்பிளைன் ஒன்று உள்ளும் வெளியும் வழுக்குகிறது. அது வறண்டிருந்தால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். திரும்பும் விசை பிடிப்பை மீறும்போது சட்டென்று விடும். அந்த விடுபடல்தான் ‘டொக்’.

என் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங், அதற்குப் பின்னால் இந்த ஸ்பிளைன். அதற்கும் ஒரு கிரீஸ் நிப்பிள் உண்டு. சேறு காய்ந்து மூடியிருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை. பெயின்ட் கோடு ஏற்கெனவே இருந்ததால் தைரியமாக உருவினேன். உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பற்களின் பக்கங்களை நகத்தால் தடவிப் பார்த்தேன். தேய்ந்து படி விழவில்லை. படி விழுந்திருந்தால் எந்தக் கிரீஸும் அதைக் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும். மாலிப்டினம் கலந்த கிரீஸைத் தடவி, கோட்டோடு கோடு பொருத்திச் செருகினேன். இந்த நிப்பிளில் மட்டும் கிராஸுக்கு அடிப்பதுபோல அடிக்கக் கூடாது. உள்ளறை நிரம்பிவிட்டால் கிரீஸே ஷாஃப்ட்டை நீளவாக்கில் தள்ளும், ஸ்பிளைன் உள்ளே போக இடமில்லாமல் அந்த அழுத்தம் பேரிங்குகளில் இறங்கும். சீல் ஓரத்தில் கிரீஸ் தலைகாட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

சென்டர் பேரிங்கின் ரப்பரையும் அப்போதே பார்த்துக்கொண்டேன். கிழிந்திருந்தால் வண்டி கிளம்பும்போது ஷாஃப்ட்டே மேலே எழும்பி உதறும். நன்றாகவே இருந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங் சோதனைக்குத் தம்பியை உட்கார வைத்தேன். பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடித்தான். வண்டிக்கு நேர் முன்னே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பானெட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழுந்தால் மவுண்டிங் ரப்பர் பிரிந்திருக்கிறது. இங்கேயும் குறை இல்லை.

மூன்றாவது பழுது தற்செயலாகக் கிடைத்தது. ஷாஃப்ட்டை மாட்டிவிட்டு வெளியே வரும்போது, இடப்பக்க ஸ்பிரிங் பட்டை ஆக்ஸில் மேல் உட்காரும் இடத்தில் மெல்லிய ஒரு பளபளப்பு கண்ணில் பட்டது. அடிப்பாகம் முழுக்கத் துருவும் புழுதியும் படிந்திருக்க, அங்கே மட்டும் இரும்பு வெள்ளையாக இருந்தது. இரண்டு பாகங்கள் உரசினால்தான் அப்படி ஆகும். யு போல்ட் நட்டில் ஸ்பேனர் வைத்தேன், கை பலத்துக்கே திரும்பியது. ஆக்ஸிலைப் பட்டையோடு சேர்த்துக் கட்டுவது அந்த யு போல்ட்டுகள்தான். அவை தளர்ந்தால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஆக்ஸில் இம்மி இம்மியாக நகரும், பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட் அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கி ஒருநாள் முறியும். முறிந்தால் ஆக்ஸில் கோணலாகும். இந்தப் பழுதை நினைத்துத்தான் எனக்கு இன்றும் கொஞ்சம் பதற்றம். கிராஸ் மாற்றியதும் சத்தம் குறைந்துவிட்டது என்று நிறுத்தியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. இரு பக்கமும் புதிய யு போல்ட் வாங்கினேன், ஒரு தடவை இழுபட்ட பழையதை மறுபடி இறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போது, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, வண்டிக்கான கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இன்னும் கூடும். முன் ஷாஃப்ட்டின் கிராஸுகளும் ஸ்பிளைனும் அதே வகை. பகுதிநேர நான்கு சக்கர அமைப்பைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுக்கொண்டு திரும்பினால் முன், பின் அச்சுகளின் வேக வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் முறுக்கு ஏறி, ஒரு கட்டத்தில் ‘டம்’ என்று விடும். அது பழுதின் சத்தம் அல்ல. ஆனால் அப்படியே தொடர்ந்து ஓட்டினால் பழுதாகிவிடும். அப்புறம், கீழே சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னியையும் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் ஜாக்கியையும் முதலிலேயே இறுக்கிவிடுங்கள். எவ்வளவோ நேரத்தை அவை வீணாக்கக்கூடும்.

இந்தச் சத்தத்தோடு பழகிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. கிராஸ் ஓட்டத்தில் முறிந்தால் ஷாஃப்ட்டின் ஒரு முனை கீழே விழும். முன் முனை விழுந்து சாலையில் குத்தினால் வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். பின் முனை விழுந்தால் சுழன்றபடியே பிரேக் பைப்பையும் டீசல் டேங்க்கையும் அடிக்கும். கையால் முறுக்கிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

500 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி அடியில் படுத்தேன். யு போல்ட் நட்டுகளில் போட்டிருந்த பெயின்ட் கோடுகளில் ஒன்று மட்டும் துளி விலகியிருந்தது, இறுக்கினேன். ஸ்பிளைன் ஓரத்தில் புதிய கிரீஸின் கருமை, பின் கிராஸின் கப்களில் சிவப்புப் பொடி இல்லை. முன் கிராஸில் இரண்டு கைகளையும் வைத்து முறுக்கினேன். அசைவில்லை. ரிவர்ஸ் போடும்போது இப்போதும் மெல்ல ஒரு ‘டக்’ வருகிறது, கண்ணாடியை ஏற்றியிருந்தால் கேட்காது. அது பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. அதை அப்படியே விட்டுவிட்டேன்.